பக்கக்கடல்: நாக்சோஸ் தீவின் மலிவு விடுதி குறித்த ஓர் ஆய்வு

கிரேக்கத் தீவின் கடற்கரையோர மலிவு விடுதி என்பது, கடலும் சிக்கனமும் ஒரே முகவரியில் குடியிருப்பதாக விளம்பரம் சொல்லும் கட்டடம். இரண்டில் ஒன்று பெரும்பாலும் உண்மை. எந்த ஒன்று என்பதைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பதற்கு முன்பே, வீட்டு நாற்காலியில் இருந்தபடி கண்டுபிடிக்கும் முயற்சிக்குத் திட்டமிடல் என்று பெயர். இதைப் பயணக்கலையில் சேர்ப்பது பிழை. இது சுவடியியலின் ஒரு கிளை. ஆய்வாளரின் கையில் இருப்பவை மூன்று: விடுதி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட வாசகம், அதனோடு வரும் படங்கள், முன்பு தங்கிப் போனவர்களின் குறிப்புகள். முதலாவது மூலம், மூன்றாவது உரை. நடுவில் உள்ள படங்கள், அகலக் கோண லென்ஸின் கைங்கரியத்தால், காப்பியங்களில் வரும் நகர வருணனைக்கு நிகரானவை. ரசிக்கலாம், அளவெடுக்கக் கூடாது. மூலமும் உரையும் மாறுபடும் இடத்தில் உரையையே கொள்க என்பது பொது விதி. உரையாசிரியர்கள் தமக்குள் மாறுபட்டால், தலையணையைப் பற்றி எழுதியவரை விட்டுவிட்டுக் குழாயைப் பற்றி எழுதியவரைக் கொள்ள வேண்டும். தலையணை அவரவர் கழுத்தைப் பொறுத்தது; குழாய் எல்லோருக்கும் ஒன்று.

ஆய்வுக் களமாக இங்கே நாக்சோஸ் கொள்ளப்படுகிறது. கிரேக்கத்துக்குத் தீவும் திட்டுமாக ஏறக்குறைய 6,000 உண்டு. ஆள் குடியிருப்பவை 227 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றுள் நாக்சோஸைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் நிதானம். ஏஜியன் கடலின் சைக்ளாடீஸ் தீவுக் கூட்டத்தில் இதுவே பெரியது. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும் ஸாஸ் மலை, உருளைக்கிழங்கு வயல், மாடு, பாலாடைக்கட்டி என்று தனக்கென ஒரு பிழைப்பு உள்ள தீவு. தெற்கே இருக்கும் சாந்தோரினியைப் போலச் சூரியன் மறைவதைக் காட்டியே சம்பாதிக்க வேண்டிய நெருக்கடி இதற்கு நெடுங்காலம் வரவில்லை. அதனால் பாட்டி மாடியில் இருக்க, மகன் சாவி கொடுக்க, மருமகள் கணக்குப் பார்க்கும் சிறு விடுதிகளை இங்கே இன்னும் காணலாம். மேற்குக் கரை நெடுக மணல்.

இந்தக் கரையில் முன்யோசனை இல்லாமல் தங்கியவர்களில் பெயர் பதிவான முதல் ஆள் அரியாட்னி. கிரீட் தீவின் இளவரசி. புதிர்க்கோட்டையிலிருந்து தீசியஸ் வெளியே வர நூலுருண்டை கொடுத்து உதவியவள். அவனோடு கப்பலேறி, நாக்சோஸில் இறங்கி, கரையிலேயே கண்ணயர்ந்தாள். விழித்தபோது கப்பல் இல்லை. அவள் நின்று புலம்பியதை ஐரோப்பியக் கவிஞர்களும் ஓவியர்களும் லேசில் விடவில்லை; ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதை வைத்து இயற்றிய இசை நாடகம் 1912இல் மேடையேறியது. திட்டமிடல் நோக்கில் அவள் செய்த பிழைகள் இரண்டு: திரும்பும் கப்பலின் நேரத்தைக் கேட்டுவைக்கவில்லை, கப்பலே துணைவன் வசம் இருந்தது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்த தமிழ்ப் பொருளிலக்கணம் நாக்சோஸைக் கண்டதில்லை. கண்டிருந்தாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்திருக்காது. பின்னர் டயோனிசஸ் வந்து அவளை மணந்துகொண்டது புராணம் கொடுத்த நஷ்டஈடு. விடுதிகள் அத்தகைய ஈடு எதுவும் தருவதில்லை.

நிலம் முடிந்தது, அடுத்தது பொழுது. இத்திணையின் பெரும்பொழுது ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. மற்ற மாதங்களில் மலிவு விடுதிகள் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடும்; கரை பூனைகளின் ஆட்சிக்குப் போகும். ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். அதிலும் ஆகஸ்ட் 15, மரியாள் துயில்கொண்ட திருநாள், ஏதென்ஸே தீவுகளுக்குக் குடிபெயரும் நாள்: கப்பலில் இடம் இருக்காது, அறைக்குப் பேரம் படியாது. அந்த வாரத்தில் ‘மலிவு விடுதி’ என்பது முரண்தொடைக்கு எடுத்துக்காட்டாகவே செல்லும். சிக்கனக்காரருக்கு உரியவை மே கடைசி, ஜூன் முற்பாதி, செப்டம்பர். மூன்றில் செப்டம்பரே மேல். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, விலை ஆறிவிடும். மே மாதக் கடல் நீலத்தில் குறைவைக்காது, ஆனால் முழங்காலுக்கு மேல் இறங்கியவர்கள் பெரும்பாலும் வடக்கு ஐரோப்பியர்களாகவே இருப்பார்கள்.

கோடைக்கு மெல்தெமி என்றொரு குணமும் உண்டு. வடக்கிலிருந்து நாள்கணக்கில் வீசும் வறண்ட காற்று இது. பண்டைய கிரேக்கர் ‘ஆண்டுதோறும் வருவது’ என்ற பொருளில் எட்டீசியன் காற்று என்றார்கள். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம் அமைவதால் இது பிறக்கிறது. அந்தத் தாழ்வழுத்தமோ, தெற்காசியாவுக்குப் பருவமழையைக் கொண்டுவரும் பெருந்தாழ்வின் மேற்கு வால். ஆக, குற்றாலத்துச் சாரலும் நாக்சோஸ் கரையில் கண்ணில் விழும் மணலும் ஒரு வகையில் பங்காளிகள். காற்று போஃபோர்ட் அளவில் 8ஐ, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரை, எட்டிவிட்டால் துறைமுகக் காவலர்கள் கப்பல்களை நிறுத்திவைக்கத் தொடங்குவார்கள். விரைவுப் படகுகள் முதலில் முடங்கும். திரும்பும் கப்பலுக்கும் சொந்த ஊர் விமானத்துக்கும் நடுவே ஏதென்ஸில் ஓர் இரவை விட்டுவைக்காதவர் அரியாட்னியின் பள்ளியைச் சேர்ந்தவர்.

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவருக்குத் திட்டமிடல் ஒரு கட்டம் முன்னதாகவே தொடங்குகிறது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும்; தங்குமிடத்துக்குச் சான்றும் வேண்டும். விசா வந்தால்தான் அறை உறுதி, அறை உறுதியானால்தான் விசா. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை ஐரோப்பா நடைமுறைப்படுத்தியிருக்கும் இடம் இது. ‘இலவச ரத்து’ என்று போட்டிருக்கும் அறையைப் பிடிப்பதே வழி. ரத்துக்கு இடம் தராத அறை சில யூரோ மலிவாகத் தெரியும். அந்தச் சில யூரோவுக்காக ஒரு விசா அதிகாரியின் மனநிலையைப் பணயம் வைப்பது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று.

இனி மூலபாடம். மலிவு விடுதிகளின் வாசகத்தில் மிகுதியாகப் பயிலும் தொடர் ‘கடற்கரைக்கு 50 மீட்டர்’. கடற்கரை எது, அளவு எந்த வாசலிலிருந்து, போகிறவர் மனிதரா கடற்காகமா என்று இதில் மூன்று ஐயங்கள் எழுகின்றன. காகத்துக்கு 50 மீட்டராக இருப்பது, பக்கத்துத் தோட்டத்து மதிலைச் சுற்றி நடக்கிறவருக்கு 300 ஆகலாம். கரை என்ற சொல் மணலைக் குறிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பாறையும் கரைதான். நாக்சோஸில் இந்த ஐயத்தைத் தீர்க்க ஊர்ப்பெயரே பாதி உதவும். ஹோரா என்னும் தலைநகரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அகியோஸ் யோர்கியோஸ்: ஆழமில்லாத நீர், குழந்தைகள், பின்னால் தெருத்தெருவாகச் சிறு விடுதிகள். தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் அகியோஸ் ப்ரோகோப்பியோஸ், அதை ஒட்டி அகியா அன்னா, அதற்கப்பால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் ப்ளாக்கா. தள்ளிப் போகப் போக மணல் பெருகும், பேருந்து சிறுக்கும். ‘அமைதியான சூழல்’ என்று விடுதி சொன்னால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். ‘உயிர்த்துடிப்புள்ள பகுதி’ என்று சொன்னால் கீழ்த்தளத்தில் என்ன கடை என்று பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரையும், இரவு 11 முதல் காலை 7 வரையும் பொது அமைதிக்கான நேரம் என்று விதியே உண்டு. பிற்பகல் விதியை ஊரே மதிக்கிறது, ஏனென்றால் ஊரே தூங்குகிறது. இரவு விதியை யார் மதிக்கிறார்கள் என்பதற்கு உரையைப் பார்க்க வேண்டும்.

ஆயினும் இத்துறையின் ஆழமான சிக்கல் பார்வையைப் பற்றியது. அறைகள் மூவகைப்படும்: நேர்க்கடல், பக்கக்கடல், தோட்டம். தோட்டம் என்பது கடல் தெரியாது என்பதை மங்கலமாகச் சொல்லும் தகுதி வழக்கு. இறந்தாரைத் துஞ்சினார் என்பது எப்படியோ, வாடகை ஸ்கூட்டர்கள் நிற்கும் முற்றத்தைத் தோட்டம் என்பதும் அப்படியே. ஒரு தொட்டியில் காகிதப்பூச் செடி இருந்தால் போதும், வழக்கு நிலைபெறும். நேர்க்கடல், மலிவு விடுதியில் இருந்தாலும் மலிவாக இருப்பதில்லை. எஞ்சுவது பக்கக்கடல். ஆய்வுக்கு உரியது அதுவே.

பக்கக்கடல் அறையின் பால்கனியில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, கால் ஆடும் சிறு மேசை ஒன்று, ஈரத்துணி போட ஒரு கொடி. நாற்காலியில் நேராக உட்கார்ந்தால் தெரிவது எதிர் விடுதியின் பால்கனி. அங்கேயும் ஒருவர் நேராக உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். கடலைக் காண நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் திருப்பி, இடது முழங்கையைக் கம்பியில் ஊன்றி, கழுத்தை வெளியே நீட்ட வேண்டும். அப்போது பக்கத்துக் கட்டடத்தின் மூலைக்கும் ஒரு மின்கம்பத்துக்கும் நடுவில், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு, நீலம் தெரியும். கடல்தான். காலையில் வெளுத்திருக்கும், மெல்தெமி எழுந்த பிறகு வெள்ளை நுரை புள்ளிபுள்ளியாக ஓடும், மாலையில் செம்பு நிறத்துக்கு வரும். எப்போதாவது ஒரு கப்பல் மூலையில் நுழைந்து கம்பத்தில் மறையும். அந்த இரண்டு விரலைக் கடக்க அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தக் காட்சியைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்களின் படங்களில் மின்கம்பம் இருப்பதில்லை, கழுத்து நீண்டதும் தெரிவதில்லை. விடுதிக்காரர் சொன்ன பொய்யில் விருந்தினர் பங்குதாரராகும் தருணம் அது. பக்கக்கடலுக்கு எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்ற வினாவுக்கு, ஓர் இரவுக்கு இரண்டு காபியின் விலை வரை தகும் என்பதே நடுநிலையான விடை. கழுத்துவலி உள்ளவர்களுக்குத் தோட்டம்.

அறைக்குள் ‘இரட்டைக் கட்டில்’ என்ற சொல்லுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, இருவர் படுக்கும் ஒரு கட்டில். மற்றது, ஒருவர் படுக்கும் இரு கட்டில்களை ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பால் மூடியது. மலிவு விடுதிகளில் இரண்டாம் பாடமே வலுவானது. நாக்சோஸ் சலவைக்கல்லுக்குப் பேர்பெற்ற தீவு, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமலே விட்ட அப்போலோ கோயிலின் வாசல் சட்டம், போர்த்தாரா, துறைமுகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. கல்லை வழவழப்பாக்கும் கலை தீவில் வாழ்வதற்குக் கட்டில் கால்களே சாட்சி: இரவு ஒருவர் புரண்டால் போதும், விடியும்போது தம்பதியருக்கு நடுவே ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருக்கும்.

குளியலறையைப் பற்றி உரையாசிரியர்கள் எழுதியதைத் தொகுத்தால் தனி நூலாகும். ஷவர் உண்டு, அதை மாட்டும் கொக்கி உடைந்திருக்கும். ஒரு கையில் ஷவர், மறு கையில் சோப்பு, தலை தேய்க்க மூன்றாவது கை. திரை இருந்தால் உடம்போடு ஒட்டும், இல்லாவிட்டால் அறை நனையும். கழிவுக் குழாய்கள் குறுகியவை என்பதால் காகிதத்தை உள்ளே போடாமல் பக்கத்தில் மூடிபோட்ட தொட்டியில் போடும்படி பல மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். தண்ணீர் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் பாதிதான். மீதிப் பாதி, அங்கே மக் கிடையாது என்பது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போவதைப் பற்றிக் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெந்நீர் பெரும்பாலும் மொட்டைமாடிச் சூரியத் தொட்டியிலிருந்து வருகிறது. பகலெல்லாம் காய்ந்த நீர் மாலை 5 மணிக்குக் கொதிக்கும். ஊரே கரையிலிருந்து திரும்பி உப்பைக் கழுவிய பிறகு வருபவருக்கு வெதுவெதுப்பு, அதற்கும் பிறகு வருபவருக்கு வேதாந்தம். மின்சாரம் 230 வோல்ட். இந்திய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

தரத்தைக் காட்ட ஹோட்டல்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம். டொமாத்தியா எனப்படும் வாடகை அறைகளுக்கு 1 முதல் 4 வரை சாவி. சாவி இங்கே உருவகம். நான்கு சாவித் தகுதி பெற்ற இடத்திலும் கையில் தரப்படுவது ஒரே சாவிதான். வாடகைக்கு மேல் காலநிலை நெருக்கடிக்கென ஒரு கட்டணம் 2024இல் வந்தது. 2025 முதல் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 1, 2 நட்சத்திர விடுதிகளில் 2 யூரோ, 3 நட்சத்திரத்தில் 5, 5 நட்சத்திரத்தில் 15. இது பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் சேராது. வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்பார்கள். ஏழு இரவுக்கு 14 யூரோ. உலகம் சூடாவதில் தம் பங்கு இவ்வளவு சிறியது என்று அரசாங்கமே சொல்வது, மலிவு விடுதியில் தங்குகிறவருக்குக் கிடைக்கும் அபூர்வமான நற்சான்று.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து காலை ஏழரை வாக்கில் புறப்படும் பெரிய கப்பல் ஐந்தரை மணி நேரம்போல எடுத்து, பாரோஸ் வழியாக நாக்சோஸ் வந்து சேரும். பின்கதவு கரையைத் தொடுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். லாரிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே பெட்டியோடு நெருங்கி நின்ற கூட்டம் பத்து நிமிடத்தில் கரையில் இருக்கும். ‘ரூம்ஸ்’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி அறைக்காரர்கள் நிற்பது முன்பதிவு இல்லாக் காலத்து வழக்கம். கப்பலிலிருந்து கரையில் இறங்கும்போது மணி 1. அறை தருவதோ 2 மணிக்கு, சில இடங்களில் 3 மணிக்கு. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று ஏன் வகுத்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அறைச்சாவி கிடைக்கும் நேரம் என்ற விளக்கமும் பரிசீலிக்கத் தக்கது.

கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. நடைமுறையில் வாடகைக்கு விடும் சாய்வுநாற்காலிகளும் குடைகளும் நீர் விளிம்பு வரை வந்து நிற்க, 2023 கோடையில் பாரோஸ் மக்கள் துண்டோடு திரண்டார்கள். துண்டு இயக்கம் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் நாக்சோஸுக்கும் மற்றத் தீவுகளுக்கும் பரவியது. தோளில் கிடந்தால் ஒரு பொருள், இடுப்புக்கு இறங்கினால் வேறு பொருள் என்று துண்டின் அரசியலை நன்கறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2024இல் வந்த சட்டப்படி நீரிலிருந்து 4 மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது. கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 70 விழுக்காடு. காலியான அந்தப் பாதியே சிக்கனக்காரரின் நாடு. அங்கே குடியுரிமை பெற ஒரு துண்டு விரித்தால் போதும். விடுதித் துண்டைக் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று குளியலறைக் கதவில் எழுதியிருப்பதால், ஓர் ஈரோட்டுத் துண்டு கொண்டுபோக வேண்டும். எடை குறைவு, கொடியில் சீக்கிரம் காயும்.

மலிவு விடுதியில் காலை உணவு பெரும்பாலும் சேர்த்தி இல்லை. ‘ஸ்டுடியோ’ என்று பெயரிட்ட அறையில் இரண்டு மின் அடுப்பும் ஒரு குட்டிக் குளிர்பெட்டியும் இருக்கும். தீவின் உருளைக்கிழங்கைப் பொரியலாக்க அது தாராளம். பேக்கரிகளில் கீரை வைத்த ஸ்பனகோபித்தா காலையிலேயே சூடாகக் கிடைக்கும். சைவர்கள் ‘நிஸ்திசிமா’, அதாவது விரத உணவு, என்று கேட்டால் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாதது வரும். ஆனால் கிரேக்க விரதம் ஆக்டோபஸையும் கணவாயையும் அனுமதிக்கிறது. இந்த இடத்தில் இரண்டாவது கேள்வி ஒன்று அவசியம்.

புறப்படும் நாளில் அறையை 11 மணிக்கோ 12 மணிக்கோ விட வேண்டும். கப்பல் அதற்குப் பிறகுதான் என்றால், பெட்டியை வரவேற்பு மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இதற்குப் பணம் கேட்கும் வழக்கம் அரிது. துறையில் கப்பல் நிற்பது சில நிமிடங்களே, யாருக்காகவும் காத்திருக்காது. பயணச்சீட்டை அவரவர் கைபேசியில் அவரவரே வைத்துக்கொள்வது நல்லது.